கிடாத்தாண்டியில் கை கொடுப்பதில்லை

கோதண்டம் உட்கார்ந்துவிட்டார்.

உட்காருகிற இடமா அது? முதுகுக்குப் பின்னால் பாறை நெட்டுக்கு நிற்கிறது. காலுக்குக் கீழே ஒரு முழத் திட்டு. திட்டு முடிகிற இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவுக்குப் பேர் கிடாத்தாண்டி. அதற்குள் கடல்.

"சார், எந்திரிங்க சார். ஒண்ணும் ஆகாது. கையைக் குடுங்க!"

பிளவுக்கு அந்தப் பக்கம் நின்று ததேயு கத்தினான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கோதண்டம் கண்ணைத் திறக்கவில்லை.

"எனக்கு ஆகாதுங்க. நீங்க எல்லாரும் போங்க. நான் இப்படியே இருந்துக்கறேன்."

"இப்படியே எப்படி சார் இருப்பீங்க?"

"இருந்துக்கறேங்க."

அவர் முழங்காலில் ரத்தம். கொஞ்சம் முன்னால்தான் ததேயுவின் கையைப் பிடித்துத் தாண்டப் போனார். வேர்த்த கை, நழுவிவிட்டது. கால் சறுக்கி முழங்கால் பாறை விளிம்பில் மோதியது. இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் உள்ளே போகவில்லை. பின்னால் நின்ற ஆசான் கயிற்றை இழுத்து அவரைத் திட்டில் உட்கார வைத்தாள். வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

"லே ததேயு," என்றாள் ஆசான். "கையை மடக்கு."

மடக்கினான்.

ஆசானின் பேர் மார்சலின். கோயம்புத்தூர், சென்னை, பெங்களூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிற ஆட்களைக் கடலோரக் குன்று மேல் நாள் முழுக்க நடத்திக் கூட்டிப்போய், சாயங்காலம் மீன்கறியும் சோறும் போட்டு பஸ் ஏற்றி விடுவது அவள் தொழில். ததேயு வயசுதான் அவளுக்கும். ஆனால் குமரிப் பக்கத்தில் ஒரு வித்தையைச் சொல்லித் தருகிறவர் யாரானாலும் ஆசான்தான். பொம்பளையை ஆசான் என்று கூப்பிடலாமா என்று முதல் நாளே ததேயு கேட்டான். "கூப்பிடாண்டாம். நீ பஸ்சுக்கே போ," என்றாள். உடனே கூப்பிட்டுவிட்டான்.

போவதற்கு பஸ்சும் இல்லை. அவன் கண்டக்டராக இருந்த மினி பஸ்சை முதலாளி விற்றுவிட்டார். படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, மீன்கூடைக்காரி, பிள்ளைத்தாச்சி, குடிகாரன் என்று பார்க்காமல் கை கொடுத்துத் தூக்கி உள்ளே போட்டு விசில் அடித்த ஆள் அவன். ஒருத்தர் காலைத் தூக்கினாலே அவன் கை நீளும். அவனைக் கேட்டு நீளாது. அதுவாக நீளும்.

கிடாத்தாண்டியில் அது ஆகாது. அந்தக் கரையில் வழி காட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. கிடாத்தாண்டியில் யாரும் யாருக்கும் கை கொடுப்பதில்லை. பெற்ற பிள்ளையானாலும் சரி. ஏன் என்று ததேயு ஒருமுறை கேட்டான். "கேக்கவும் கேக்காத, குடுக்கவும் குடுக்காத," என்றாள் ஆசான். அதற்குப் பேர் பதிலா?

இன்றைக்குத்தான் முதல்முறையாக அவனை முன்னால் நடக்க விட்டிருந்தாள். அவள் வாலில் வந்தாள். கிடாத்தாண்டி வந்ததும் ததேயு தாண்டினான், திரும்பினான், கையை நீட்டினான். ஒவ்வொருத்தராகப் பிடித்து இழுத்துப் போட்டான். ஒவ்வொரு தடவையும் ஆசான் "கையை மடக்கு" என்றாள். அலைச் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டான். எல்லோரும் தாண்டிவிட்டார்கள். கடைசி ஆள் மட்டும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கடைசி ஆள் யார் தெரியுமா? காலையிலிருந்து எல்லோருக்கும் முன்னால் ஓடினவர். மருதமலைப் படியைத் தினமும் ஏறி இறங்குகிறவர். வழியில் கடை கண்ட இடமெல்லாம் நின்று எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தவர். "பொம்பளைங்க மொதல்ல தாண்டட்டுங்க, நான் கடைசியா வர்றேன்," என்று இந்த இடத்தில்தான் பின்வாங்கினார். அது மரியாதை இல்லை, பயம் என்று அப்போது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"ஏனுங்க மாமா!" தாண்டி நின்ற அவர் மனைவி பவானி கூப்பிட்டாள். "மருதமலைய ஒரே மூச்சுல ஏறுவேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. இது ஒத்தப் படிதானுங்களே!"

இரண்டு பேர் சிரித்தார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் பவானியின் சிரிப்பும் நின்றுபோனது.

தாடி வைத்த ஒருத்தன் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான்.

"தம்பி, போனை உள்ள வைங்க," என்றான் ததேயு. "இல்லன்னா சில்லறை இல்லாத ஆள இறக்கி விடுற மாதிரி இங்கயே இறக்கி விட்டுருவேன்."

போன் உள்ளே போனது.

கிடாத்தாண்டி ஒன்றும் பெரிய பள்ளம் இல்லை. ஒரு எட்டு, மிஞ்சினால் ஒன்றரை எட்டு. தெருவில் இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டும். தெருவில் இல்லை, அதுதான் தொல்லை. உள்ளே அலை வந்து அடித்தால் பாறை அடிவயிற்றிலிருந்து உறுமும். கயிறு ஆளைச் சாக விடாது. எலும்புக்கு அது பொறுப்பில்லை.

கடல் வேறு சரியில்லை. காற்றும் இல்லை, மழையும் இல்லை, ஆனாலும் தண்ணீர் உப்பிக்கொண்டு வந்தது. கள்ளக்கடல் என்பார்கள். திருடன் மாதிரி முன்னறிவிப்பு இல்லாமல் கரையேறும். நாளைக்குத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அது ஒரு நாள் முந்திக்கொண்டது. அவர்கள் நடந்து வந்த மணல் இப்போது இல்லை. திரும்பிப் போக வழி கிடையாது. இந்தக் கடலில் பாறைப் பக்கம் படகும் வராது. கோதண்டம் தாண்டியாக வேண்டும். திட்டு நனைவதற்குள் தாண்டினால் நல்லது. நனைந்தால் பாசி வழுக்கும்.

"ஆசானே, என்னத்தச் செய்ய?" என்று ததேயு கேட்டான்.

"மத்தவங்களக் கூட்டிட்டு மேல ஏறு. திரும்பிப் பாக்காத."

"அப்போ இவரு?"

"நான் என்ன சொன்னேன்?"

"திரும்பிப் பாக்காதன்னு."

"பெறவு என்ன கேள்வி?"

சொல்லிவிட்டு ஆசான் திட்டின் அகலமான பக்கத்தில் கால் நீட்டிப் படுத்தாள். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். கோதண்டத்தின் கயிறு பாறையில் அடித்த இரும்பு வளையத்திலிருந்து வந்து, அவள் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிப் போயிருந்தது. அவ்வளவுதான். பார்க்கிறவனுக்கு அவள் தூங்குகிறாள்.

ததேயுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவனுக்குத் தெரியும்.

வேலைக்கு வந்த புதிதில் அவனே அங்கே உட்கார்ந்திருக்கிறான். அதே திட்டு, அதே பாறை. அன்றைக்கு ஆசான் ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். ததேயு பஸ் ஸ்டாண்டில் கற்ற கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினான். அவள் திரும்பவில்லை. திட்டித் தீர்ந்ததும், இவளை இன்றைக்கு விடுவதில்லை என்று எழுந்து ஒரே தாண்டு. மேலே போனால் அவள் மரச்சீனிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். அவனுக்கும் ஒரு துண்டு நீட்டினாள். வாய் நிறையக் கிழங்கை வைத்துக்கொண்டு யாரைத் திட்ட?

ஆக, அது பலிக்கிற மருந்து. அவனுக்கே பலித்திருக்கிறது.

"எல்லாரும் வாங்க," என்றான். "மேல ஒரு சமதளம் இருக்கு. அங்க போய் உக்காருவோம்."

"நான் வரமாட்டேன்," என்றாள் பவானி.

"அம்மா..."

"அம்மாவும் இல்ல, ஆத்தாவும் இல்ல. கட்டுன மனுசன இங்க உட்டுப்போட்டு நான் மேல போயி என்ன பண்றது, காத்து வாங்கறதா?"

"நீங்க இங்க நின்னா அவரு கண்ண மூடிக்கிட்டேதாம்மா இருப்பாரு. கண்ணத் தொறந்தா உங்க முகத்தப் பாக்கணும். அவருக்கு அதுதான் இப்ப பெரிய பள்ளம்."

பவானி அவனை முறைத்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தாள்.

"அவருக்கு ஏதாச்சும் ஆகட்டும், உன்னையத் தேடி வருவேன் பாத்துக்க," என்றாள், திரும்பாமலே.

"வாங்கம்மா. எங்கயும் போகமாட்டேன்."

ததேயு கடைசியாக ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. காதை மட்டும் பின்னால் வைத்திருந்தான். இப்போது திட்டுவார். மனுசன் இல்லையா, திட்டாமல் இருப்பாரா? திட்டட்டும். நல்ல கெட்ட வார்த்தையாகத் திட்டட்டும். திட்டினால் தாண்டிவிடுவார்.

அலைச் சத்தத்துக்கு நடுவே ஒரு எட்டு வைத்தான், இன்னொரு எட்டு வைத்தான்.

பிறகு கீழேயிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது.

"ஏனுங்க! பார்த்துப் போங்க! மேல வழுக்குமாட்ட இருக்குது! பவானிக்கு எடது கால்ல வலி இருக்குதுங்க, மெதுவாக் கூட்டிப் போங்க!"

ததேயு நின்றுவிட்டான்.

இந்த ஆளுக்கு எங்கே கோபம் வரப் போகிறது? விட்டுப் போகிறவனுக்கு வழி சொல்கிறார். நாளைக் காலை வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அலை வந்து அடித்தால் அலையிடமும் போங்க வாங்க என்றுதான் பேசுவார்.

"நீங்க நேரா ஏறுங்க," என்று தாடிக்காரனிடம் சொன்னான். "அம்மா பக்கத்துல இருங்க. போனை எடுத்தீங்க, தெரியும்."

இறங்கினான். கிடாத்தாண்டி விளிம்பில் வந்து நின்றான். எத்தனை தடவை தாண்டினாலும் இந்த இடத்தில் அவன் கண் ஒருமுறை உள்ளே இறங்கும். இறங்கியது. தாண்டினான். ஆசான் முகத்தில் தொப்பி அப்படியே இருந்தது.

கோதண்டத்துக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, உட்கார்ந்தான்.

கோதண்டம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"எதுக்கு வந்தீங்க?"

"உக்காரத்தான்."

"என்னையத் தூக்கிட்டுப் போறதா நெனப்பிருந்தா, வேண்டாங்க. நான் எம்பது கிலோ."

"எனக்கு இடுப்பு வலி சார். உங்க செருப்பக்கூடத் தூக்கமாட்டேன்."

இருவரும் கடலைப் பார்த்தார்கள். அலை ஒன்று உள்ளே புகுந்து உறுமியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

கோதண்டம் அதைக் கவனித்துவிட்டார். இப்போது இரண்டு கண்ணும் திறந்திருந்தன.

"ஏனுங்க, உங்களுக்குமா?"

"ஒவ்வொரு தடவையும் சார். இப்ப வரும்போதும்தான்."

"அப்பறம் என்னமோ ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு கத்துனீங்க?"

"அது சும்மா சொன்னது. பஸ்சுல உள்ள எடம் இருக்கு, உள்ள எடம் இருக்குன்னு சொல்லுவோம்லா, அந்த மாதிரி."

கோதண்டத்தின் வயிறு குலுங்கியது. சிரிப்பா, நடுக்கமா என்று சொல்ல முடியாது. பிறகு சொன்னார்:

"ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க. தாண்டிருப்பேனுங்க நான். பயந்துட்டேதான் நின்னேன், ஆனாலும் தாண்டிருப்பேன். உங்க கையப் புடிச்சேன் பாருங்க, அதோட என்ற காலு எங்க இருக்குதுன்னே தெரியாமப் போச்சு. உசுரு பூரா உங்க கையில தொங்குது. கையி வழுக்குன ஒடனே எனக்குன்னு ஒண்ணுமே இல்லீங்க."

ததேயு தன் உள்ளங்கையைப் பார்த்தான். கால்சட்டையில் துடைத்தான்.

"மன்னிச்சுக்கிடுங்க சார்," என்றான்.

"அட, அதெல்லாம் எதுக்குங்க."

அடுத்த அலை கொஞ்சம் உயர்ந்து வந்தது. திட்டின் விளிம்பில் நுரை ஏறி, கோதண்டத்தின் ஷூவை நனைத்துவிட்டு இறங்கியது.

"நான் தாண்டலீன்னா என்னங்க ஆகும்?"

"நனைவோம். இருட்டும். எனக்குப் பசிக்கும்."

"எனக்கு இப்பவே பசிக்குதுங்க."

"மேல மீன்கறி இருக்கு சார்."

"நான் மீனு திங்கமாட்டனுங்களே."

"ரசமும் இருக்கு."

கோதண்டம் பெருமூச்சு விட்டார். பாறையைப் பிடித்து எழுந்தார். கால் இரண்டையும் ஒருமுறை குனிந்து பார்த்தார், கடை வாசலில் விட்ட செருப்பு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

"நீங்க மொதல்ல போறீங்களா, நான் போகட்டுங்களா?"

"ரெண்டு பேருக்கும் பயம்தான். யாரு முதல்ல போனா என்ன சார்? போங்க."

கோதண்டம் விளிம்பில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பிறகு திரும்பினார். வாய் கோணிக்கொண்டது.

"ஒரு விரலாச்சும் குடுங்களேன்," என்றார்.

ததேயுவின் கை எழுந்தது. அவனைக் கேட்காமல், அதுவாக. படியில் நிற்கிற ஆளைக் கண்டால் போதும் அதற்கு. ததேயு அதை இழுத்துப் பிடித்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

"இல்ல சார்," என்றான். "குடுக்கமாட்டேன்."

கோதண்டம் அவனைப் பார்த்தார். கையின் மேல் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்தார். அவருக்கு என்ன தோன்றியதோ. முன்னால் திரும்பினார். அலை வந்து போகும் வரை காத்தார். அது அவராகச் செய்தது, யாரும் சொல்லவில்லை.

தாண்டினார்.

தூங்குகிற ஆசானின் மணிக்கட்டிலிருந்து கயிறு அவர் போன வேகத்துக்குச் சரியாக இளகி ஓடியது.

அந்தப் பக்கம் இரண்டு பாதமும் பொத்தென்று விழுந்தன. கொஞ்சம் தள்ளாடினார், பாறையில் கை ஊன்றினார், நின்றார். நின்றதும் என்ன செய்வது என்று தெரியாமல், "பவானீ!" என்று கத்தினார். மேலேயிருந்து "மாமோவ்!" என்று வந்த சத்தத்தில் பாறையில் இருந்த கொக்கு இரண்டு பறந்துவிட்டன.

அவர் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு மேலே ஓடினார். வலிக்கிற முழங்காலோடு ஓடினார். மறுபடியும் எல்லோருக்கும் முன்னால்.

ததேயு கையை வெளியே எடுத்தான். இரண்டும் மரத்துப்போயிருந்தன.

ஆசான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். வளையத்திலிருந்து கயிற்றை உருவினாள். சுருட்டிக்கொண்டே தாண்டினாள், வாய்க்கால் தாண்டுகிற மாதிரி. ததேயுவும் தாண்டினான். அவன் கண் மறுபடியும் உள்ளே இறங்கியது.

"தூங்கினீங்களா ஆசானே?"

"நல்லாத் தூங்கினேன்."

கொஞ்ச தூரம் ஏறினார்கள். பின்னால் அலை திட்டின் மேலே முழுசாக ஏறி விழுகிற சத்தம் கேட்டது. சமதளம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஆசான் நின்றாள். மேலே பவானி கணவரின் முழங்காலில் மருந்தைக் கொட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். அவர் எல்லாத் திட்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"லே, உன்கிட்ட நான் என்ன சொன்னேன்?"

"திரும்பிப் பாக்காம ஏறிப் போன்னு."

"செஞ்சியா?"

ததேயு தரையைப் பார்த்தான். நாளைக்கு எந்த பஸ் முதலாளி வீட்டு வாசலில் நிற்பது என்று யோசித்தான்.

"உனக்கு முன்ன என்கிட்ட மூணு பேரு இருந்தானுவ," என்றாள் ஆசான். "இதே எடம். இதே மாதிரி ஒரு ஆளு உக்காந்தாரு. மூணு பேருட்டயும் இதையேதான் சொன்னேன்."

"ஏறிப் போனாங்களா?"

"போனானுவ. சொன்ன சொல்லத் தட்டல்ல."

"அவங்கல்லாம் இப்ப எங்க ஆசானே?"

ஆசான் சுருட்டிய கயிற்றை அவன் தோளில் மாட்டினாள்.

"எனக்கெப்படித் தெரியும்? ஒருத்தனும் திரும்பிப் பாக்கல்லயே."